நாலு நொடி

விடிந்தும் விடியாத நேரம். கீழே கிடங்கில் ஆட்கள் பெட்டி இழுக்கத் தொடங்கியிருந்தார்கள். மாடியில், சர்வர் அறைக் குளிரில் விரல் விறைக்க டேட்டாபேஸ்காரி கணினியில் தட்டிக்கொண்டிருந்தாள்.

எந்தச் சாமான் எந்த அடுக்கில் என்று கீழிருப்பவர்கள் கைக்கருவியில் கேட்பார்கள். பதில் வர முன்பெல்லாம் நாலு நொடி ஆகும். போன மாதம் அவள்தான் அடுக்குப் பட்டியலில் சட்டென்று தேட இண்டெக்ஸ் போட்டு, ஆட்கள் பட்டியலின் நகலை மெமரியில் ஏற்றி, கண்மூடித் திறப்பதற்குள் பதில் வரவைத்தாள். முதலாளி கைகுலுக்கினார். அந்த நாலு நொடியில்தான் அவர்கள் மூச்சு வாங்கினார்கள் என்று பாவி அவளுக்கு யார் சொன்னார்கள்? பாடிக்கொண்டே பெட்டி தூக்கும் பாட்டுக்காரர் ஏணியிலிருந்து தலைசுற்றி விழுந்து செத்த பிறகுதான் தெரிந்தது.

திரையில் மறுபடி அந்த வரி வந்தது. ‘ஆள் எண் 31, பாட்டுக்காரர், மேலடுக்குக்குப் போகவும்.’ ஆள் போய் ஒன்பது நாள். மூலப் பட்டியலில் பெயரை அடித்தாயிற்று. மெமரியில் கிடந்த நகலைப் புதுப்பிக்க மறந்துவிட்டாள். தினமும் இதே நேரத்துக்கு அது செத்தவரை வேலைக்குக் கூப்பிட்டது. அழிக்க அவளுக்குக் கை வரவில்லை.

முதலாளி எட்டிப் பார்த்தார். “இன்னுமா அந்தப் பேரு? தூக்கும்மா. அப்படியே இன்னும் கொஞ்சம் வேகமாக்கு. நடுவுல நிக்கிறானுங்க.”

“அவங்க மெஷின் இல்ல சார்.”

“உன் வேலை மெஷினைப் பாக்குறது. அதைப் பாரு.”

அவள் படியிறங்கினாள். கொக்கியில் தொங்கிய பாட்டுக்காரரின் கருவி கூவிக்கொண்டிருந்தது. வண்டி இழுக்கும் அக்கா அதையே வெறித்துக்கொண்டிருந்தாள்.

“இது கத்துறப்பல்லாம் அண்ணன் வந்துட்டாருன்னு திரும்பிப் பாக்குறோம்” என்றாள்.

“அந்த நாலு நொடியைப் பிடுங்கினது நான்தான்க்கா.”

அக்கா அவள் பக்கம் திரும்பினாள். “பிடுங்கினது நீ. பிடுங்கச் சொன்னது யாரு? திருப்பிக் குடுக்க முடியுமா?”

“முடியும். நாளைக்கே வேற ஆளை வச்சு மறுபடி எடுத்துடுவாரு.”

“அப்ப அந்த நாலு நொடியை நாமளே எடுத்துக்குவோம். இன்னொருத்தர் விழுறதுக்குள்ள.”

“வேலை போயிடும்க்கா.”

“உனக்குந்தான் போகும். எங்ககூட நிக்கிறியா?”

கருவி மறுபடி கூவியது. அக்கா வண்டியை விட்டுக் கையெடுத்தாள். “ஒண்ணு.”

பேச்சைக் கேட்டிருந்த பக்கத்து வரிசையில் வண்டிகள் நின்றன. “ரெண்டு.” இப்போது பத்துக் குரல்.

“என்ன வேடிக்கை இது? ஓடுங்கடா!” முதலாளி படியில் இரைந்துகொண்டு வந்தார். யாரும் அசையவில்லை.

“மூணு.”

டேட்டாபேஸ்காரி முதலாளியைப் பார்த்தாள். பிறகு அவர்களோடு சேர்ந்து வாய் திறந்தாள்.

“நாலு.”

எல்லோரும் குனிந்து பெட்டியைத் தூக்கினார்கள். அடுத்த அடுக்கில் மறுபடி ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினார்கள்.