பனியைத் தூக்கிய நெருப்பு

அண்ணியின் மக்காச்சோள வயலைச் விமான ஓடுபாதைக்காகச் சமன் செய்ய ராணுவம் அனுப்பிய ரோடு ரோலரை ஓட்டி வந்தவன் அவளுடைய சொந்தக் கொழுந்தன். கதிர் முற்ற இன்னும் மூன்று வாரம் இருந்தது.

"ஊர்ல இவ்வளவு நெலம் கெடக்க, என் வயல்தான் கண்ணுக்குத் தெரிஞ்சுதா?" என்று வரப்பிலேயே மறித்தாள்.

"நான் என்ன அண்ணி பண்றது? வரைபடத்துல கோடு போட்டவங்க வேற ஆளுங்க. போர் முடிஞ்சதும் திருப்பிக் குடுத்துடுவாங்களாம்."

"உங்கண்ணன் உயிரோட இருந்திருந்தா விட்டிருப்பாரா?"

அன்றோடு அவனிடம் பேச்சை நிறுத்திவிட்டாள். பத்தொன்பதே நாளில் அவள் வயலிலும் அடுத்தடுத்த வயல்களிலும் வரப்பும் வாய்க்காலும் போய், ஓட்டை போட்ட இரும்புத் தகடுகளைக் கொக்கி மாட்டிக் கோத்து, ஒரு மைலுக்கு ஓடுபாதை விரித்துவிட்டார்கள். விமானம் இறங்கும்போதெல்லாம் அவள் அடுக்களையில் தட்டுகள் தாளம் போட்டன.

குளிர்காலத்தில் ஒரு நாள், விடிந்ததும் கிளம்பிய பதினேழு விமானங்கள் திரும்பும் நேரம் பார்த்து மூடுபனி கவிந்தது. நீட்டிய கை தெரியவில்லை. தலைக்கு மேலே இரைச்சல் மட்டும் சுற்றிச் சுற்றி வந்தது. வேறு தளத்துக்குப் போக அவற்றில் எரிபொருள் இல்லை என்றார் தளத்து ரேடியோக்காரர்.

"ஓடுபாதைக்கு ரெண்டு பக்கமும் இருக்கிற வடிகால்ல பெட்ரோல ஊத்துங்க. கொளுத்தினா சூட்டுல பனி மேல ஏறும்" என்றார் தளபதி.

பீப்பாய்கள் இருந்தன, ஆள் போதவில்லை. கொழுந்தன் ஊருக்குள் ஓடிக் கத்தினான். இரண்டு கையிலும் வாளியோடு முதலில் வந்தவள் அண்ணி.

"எங்க ஊத்தணும்? சொல்லுடா!"

ஊரே ஊற்றியது. தள்ளி நின்று தீப்பந்தங்களை எறிந்தார்கள். ஒரு மைல் நீளத்துக்கு இரண்டு நெருப்புச் சுவர்கள் குபீரென்று எழுந்தன. சற்று நேரத்தில் பனி அசைந்தது. பானையின் மூடியைத் தூக்குவதுபோல் மெல்ல மேலே போனது. நடுவே தகடுகள் பளபளத்தன. முதல் விமானம் அந்த இடைவெளிக்குள் நுழைந்தது. பிறகு அடுத்தது. அடுத்தது. பதினாறு வரை எண்ணினார்கள்.

பிறகு வானத்தில் சத்தமே இல்லை.

"அவ்வளவுதான் போல" என்று யாரோ முனகியபோது, பனியைக் கிழித்துக்கொண்டு பதினேழாவது வந்தது. விசிறி சுழலவில்லை. எஞ்சின் செத்துப்போயிருந்தது. அத்தனை பெரிய இரும்பு, நெருப்புக்கு நடுவே மூச்சுவிடாமல் மிதந்து இறங்கியது. அண்ணி கொழுந்தனின் தோளை இறுகப் பற்றியிருந்தாள். அது அவளுக்கே தெரியவில்லை.

கதவு திறந்து விமானி தரையில் கால் வைத்தான். அப்படியே தகட்டின் மேல் உட்கார்ந்துவிட்டான். முந்நூறு பேர் அவனைச் சுற்றி வந்து நின்றார்கள்.

போர் முடிந்ததும் எட்டே நாளில் தகடுகளைக் கழற்றி ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். இறுகிய மண்ணில் ஏர் இறங்கவில்லை. கொழுந்தன் இரண்டு வருடம் கடப்பாரையால் உடைத்துக் கொடுத்தான். அண்ணி அவனோடு சேர்ந்து கல் பொறுக்கினாள்.

மூன்றாம் வருடம் விளைந்தது. ஓடுபாதை கிடந்த கீற்றில் மட்டும் மக்காச்சோளம் இடுப்புக்கு மேல் வளரவில்லை.