காபி மெஷினில் தொங்கிய போர்டு

நான் பொய் சொல்கிறவன் அல்ல. லிஃப்ட் மெக்கானிக்காக முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்தவன். ஏறியதை ஏறியது என்றும் இறங்கியதை இறங்கியது என்றும்தான் சொல்லிப் பழக்கம்.

ஓய்வு பெற்ற அன்று கம்பெனியில் ஒரு காபி மெஷின் கொடுத்தார்கள். மேலே தொட்டியில் தண்ணீர் ஊற்றி, நடுவில் சல்லடைக் கூடையில் தூளைப் போட்டால், கீழே கண்ணாடி ஜாடியில் காபி சொட்டும். ஏழு வருஷம் சொட்டியது. ஏழு வருஷமும் நான் அதைக் கழுவவில்லை. சோம்பல் என்று நினைத்துவிடாதீர்கள், அது தொழில் தர்மம். ஓடுகிற மெஷினில் கை வைக்காதே என்பதுதான் நான் படித்த முதல் பாடம்.

எங்கள் வீட்டுக் குழாயில் வருவது பாதி தண்ணீர், பாதி சுவர். அந்தச் சுண்ணாம்பெல்லாம் மெஷினுக்குள் போய்க் குடியேறிவிட்டது. சுவிட்சைப் போட்டால், ஐந்தாம் மாடியில் சிக்கிக்கொண்ட ஆள் கதவைத் தட்டுகிற மாதிரி சத்தம். ஒரு கோப்பை நிரம்புவதற்குள் செய்தித்தாளை முழுக்கப் படித்து, வரி விளம்பரம் பார்த்து, ஒரு வீட்டையும் வாடகைக்குப் பிடித்துவிடலாம்.

என் மனைவி பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். கடைசியில் தீர்ப்பைத் தன் அண்ணன் கையில் கொடுத்துவிட்டாள்.

மச்சான் பரீட்சைத் தாள் திருத்தியே தலை நரைத்தவர். வாய்க்குள் எது போனாலும் நூற்றுக்கு மார்க் போடுவார். தங்கையின் சமையலுக்கு முப்பது வருஷமாக நாற்பதைத் தாண்டிப் போட்டதில்லை. போன தடவை என் காபிக்கு மூன்று போட்டார். "அதுவும் சூடா இருந்ததுக்கு, மாப்ளே."

"ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு அண்ணன் வர்றார்" என்றாள் மனைவி. "என் கண்ணு முன்னால முப்பத்தஞ்சு வாங்கினா மெஷின் இருக்கும். இல்லேன்னா திங்கக்கிழமை பழைய இரும்புக்குப் போகும்."

"ஏழு வருஷம் உழைச்ச மெஷின்டி!"

"முப்பத்தொரு வருஷம் உழைச்ச உங்களையே வீட்டுக்கு அனுப்பலையா?"

கருவிப் பையைத் திறந்தேன்.

ஞாயிறு மதியம் அவள் கடைக்குப் போனதும் வேலையை ஆரம்பித்தேன். கூடையைக் கவிழ்த்துத் தட்டினேன். செங்கல் மாதிரி ஒரு காபிக் கட்டி விழுந்தது. இன்றைக்கும் எங்கள் பின்கதவு காற்றில் அடிக்காமல் நிற்பது அதன் தயவில்தான். தொட்டியில் சுரண்டிய சுண்ணாம்பைக் கரைத்துச் சமையலறைக்கு வெள்ளையடித்தேன். இரண்டு சுவருக்கு வந்தது, மூன்றாவதுக்குப் பற்றவில்லை. மூன்றாவது சுவர் இன்னும் அழுக்காகத்தான் இருக்கிறது. சந்தேகம் இருந்தால் வந்து பார்த்துக்கொள்ளலாம்.

கை எட்டாத உள்குழாய்க்கு வினிகர்தான் மருந்து. ஒரு பாட்டில் வினிகருக்குச் சரிபாதி தண்ணீர் சேர்த்துத் தொட்டியில் ஊற்றி ஓட விட்டேன். மெஷின் முக்கியது, முனகியது, ஒரு தடவை தும்மியது. ஜாடியில் கன்னங்கரேல் என்று ஏழு வருஷமும் வந்து இறங்கியது. இனி வெறும் தண்ணீரில் பத்து ஓட்டம். பழுது பார்த்த லிஃப்ட்டைப் பத்துத் தடவை காலியாக ஓட்டிய பிறகுதான் ஆளை ஏற்றுவோம், அதே கணக்கு.

கொட்டாமல் வைத்திருந்த அந்த ஜாடியின் பிடியில் என் போர்டை மாட்டினேன். 'பராமரிப்பு நடக்கிறது. பயன்படுத்தாதீர்.' வேலையிலிருந்து வரும்போது கூடவே வந்துவிட்ட போர்டு அது. கூடையை வெயிலில் வைக்கப் பால்கனிக்குப் போனேன்.

இங்கேதான் ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தப் போர்டு எங்கள் வீட்டில் பிஸ்கட் டப்பாவில் தொங்கியிருக்கிறது. காற்று நன்றாக வரும் நாற்காலியில் தொங்கியிருக்கிறது. எதையெல்லாம் பிறருக்குக் கொடுக்க மனமில்லையோ அதிலெல்லாம் தொங்கியிருக்கிறது. மச்சானுக்கு இது தெரியும்.

திரும்பி வந்தால் மச்சான் சமையலறையில் நிற்கிறார். ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்திருக்கிறார். கையில் கோப்பை. அது காலி.

"மாட்டிக்கிட்டீங்களா, மாப்ளே! நல்ல காபிய ஒளிச்சு வச்சுட்டு எனக்கு மட்டும் கழுநீரா?"

"மச்சான், அந்தப் போர்டைப் பார்க்கலையா?"

"பார்த்ததாலதானே குடிச்சேன்!"

அவர் கண்ணில் தண்ணீர் கோத்து நின்றது. இடது காது தானாக ஒரு தடவை ஆடியது. ஆனால் திருடிக் குடித்தவர் முகம் சுளிக்க முடியுமா? தொண்டையைச் செருமிக்கொண்டார். "சுள்ளுன்னு இருக்கு. முதுகெலும்பு வரைக்கும் போகுது. அறுபத்திரண்டு."

என் வாழ்க்கையில் வாங்கிய அதிகபட்ச மார்க். மச்சானை ஹாலில் உட்காரவைத்தேன். பத்து ஓட்டத்தையும் முடித்தேன், கடைசியில் தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிவாக வந்தது. புதுத்தூள் போட்டேன். காபி சத்தமில்லாமல், தரைத் தளத்துக்கு வருகிற நல்ல லிஃப்ட் மாதிரி இறங்கியது.

நாலு மணிக்கு மனைவி முன்னால் மச்சான் உறிஞ்சினார். நாக்கைச் சப்புக் கொட்டினார். "முதல்ல குடிச்சதுல இருந்த அந்தச் சுள்ளு இதுல இல்லியே. முப்பத்துநாலு."

ஒரு மார்க்! மெஷினின் மேல் கையை வைத்தேன். இன்னும் சூடாக இருந்தது, பாவம்.

"முதல்ல எதைக் குடிச்சீங்க அண்ணே?" என்றாள் மனைவி.

"ஒளிச்சு வச்சிருந்தாரே, அதை. அதுக்கு அறுபத்திரண்டு போட்டிருக்கேன்."

அவள் அலமாரியைத் திறந்தாள். "ஏங்க, நான் ஜன்னல் துடைக்க வச்சிருந்த வினிகர் எங்கே?"

நான் மச்சானைப் பார்த்தேன். மச்சான் வயிற்றைப் பார்த்தார்.

மனைவி ஜாடியிலிருந்து ஒரு கோப்பை ஊற்றிக் குடித்தாள். இன்னொன்றும் ஊற்றிக் குடித்தாள். பிறகு அண்ணனுக்கு நேரே உட்கார்ந்தாள்.

"ஜன்னல் துடைக்கிறதுக்கு அறுபத்திரண்டு. என் சமையலுக்கு முப்பது வருஷமா நாப்பதுக்குள்ள. இல்லையா அண்ணே?"

"அது வந்து, பாப்பா..."

"பேசாதீங்க. எல்லாத் தாளையும் நானே மறுபடி திருத்திக்கறேன். மெஷின் இங்கேதான் இருக்கும்."

போர்டைக் கழற்றி மச்சான் கழுத்தில் மாட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மச்சான் வீட்டுக்குக் கிளம்ப எழுந்தார். வழக்கமாக அவர் எழுந்தால் இரண்டு முழங்காலும் துருப்பிடித்த கதவு மாதிரிக் கத்தும், எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்ப்பார். அன்றைக்கு ஒரு சத்தமும் இல்லை. உட்கார்ந்து பார்த்தார், எழுந்து பார்த்தார். லிஃப்ட்டை விட்டுவிட்டு நாலு மாடியும் படியிலேயே இறங்கினார். உள்குழாயில் எத்தனை வருஷத்துச் சுண்ணாம்போ!

அதற்குப் பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை மெஷினுக்கு வினிகர் ஓட்டம். தேதியை மச்சானிடம் நான் சொல்வதில்லை, அவர் கேட்பதும் இல்லை. மனைவி இரண்டு பாட்டிலாக வாங்கி வைக்கிறாள். முதல் ஜாடி இறங்கியதும் பிடியில் போர்டை மாட்டிவிட்டு நான் பால்கனிக்குப் போய்விடுவேன். திரும்பி வரும்போது போர்டு தொங்கிக்கொண்டிருக்கும், ஜாடியில் ஒரு கோப்பை குறைந்திருக்கும்.