கால்தான், தலை இல்லை

மூன்றாவது மாத்திரை சேர்ந்து பதினேழு நாள் ஆகியிருந்தது. தங்கை கூடத்தில் நடந்துகொண்டிருந்தாள். சோபாவிலிருந்து ஜன்னல், ஜன்னலிலிருந்து சோபா. அக்கா காய் நறுக்குவதை விட்டுவிட்டு அவளையே பார்த்தாள்.

அக்கா பயந்ததில் தப்பில்லை. தங்கைக்கு இருமுனை மனநோய். போன முறை மனம் உச்சிக்கு ஏறியபோதும் இப்படி நடையில்தான் ஆரம்பித்தது. நாலே நாளில் கதவுகளுக்கெல்லாம் மஞ்சள் பெயின்ட் அடித்து, மூன்று மொழி வகுப்புகளில் சேர்ந்து, பீரோவைப் பக்கத்து வீட்டுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டாள். அதைத் திரும்பக் கேட்கப் போனவள் அக்கா. பிறகு எட்டு மாதம் தங்கை படுக்கையைவிட்டு எழவில்லை. லித்தியமும் கூட இன்னொரு மாத்திரையுமாக இரண்டு வருடம் போராடியும் நோய் மசியவில்லை. அவற்றோடு இந்த மூன்றாவதும் சேர்ந்த பிறகுதான் காலையில் தானாக எழுந்து, தலைவாரி, வேலைக்குக் கிளம்பினாள்.

"நாளைக்கே டாக்டர்கிட்ட போறோம். இதை நிறுத்தச் சொல்லப்போறேன்."

"வேண்டாம்க்கா. குடைச்சல் கால்லதான். தலையில இல்ல."

"போன தடவையும் நல்லாத்தான் இருக்கேன்னு சொன்ன. பீரோ பக்கத்து வீட்டுல இருந்துச்சு."

தங்கைக்கு அது தெரியும். நன்றாக இருக்கிறேன் என்று சொன்னால் அதையே நோயின் அறிகுறியாக எடுத்துக்கொள்வார்கள். அவள் வாய்ச்சொல் செல்லாது. வேறு சாட்சி வேண்டும்.

அவளுக்கு இரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை. மைக்ரோஸ்கோப்பில் நூறு வெள்ளணுக்களை வகை பிரித்து எண்ண வேண்டும். வகைக்கொரு பொத்தான், நூறு ஆனதும் கருவி மணியடிக்கும். இரத்தம் தடவிய கண்ணாடித் தகடுகளில் பத்துக்கு ஒன்றை அங்கிருந்த மூத்தவர், அவள் எண்ணிக்கையைப் பார்க்காமலே, மறுபடி எண்ணுவார். தடிமனான மூக்குக்கண்ணாடியால் அவருக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். அது அவருக்கும் தெரியும். இரண்டு எண்ணிக்கையும் பதிவேட்டில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும்.

உட்கார முடியாததால் அவள் மைக்ரோஸ்கோப்புக்கு அடியில் இரண்டு பெட்டிகளை வைத்து, கால் மாற்றி மாற்றி நின்றபடி எண்ணி வந்தாள்.

"எண்ணுறியா, டான்ஸ் ஆடுறியா?" என்று பூதக்கண்ணாடி ஒரே ஒரு முறை கேட்டார்.

மறுநாள் காலை அவரிடம் அனுமதி வாங்கி எண்களை மட்டும் ஒரு தாளில் எழுதிக்கொண்டாள். போன முறை பீரோவைத் தூக்கிக் கொடுத்த வாரத்தில், அவள் எண்ணிக்கைக்கும் அவருடையதற்கும் ஏணி வைத்தாலும் எட்டவில்லை. இந்தப் பதினேழு நாளில் இரண்டு, மூன்று அணுக்களுக்கு மேல் வித்தியாசமே இல்லை.

மதியம் டாக்டரம்மாவிடம் நின்றுகொண்டே தாளை நீட்டினாள். அக்காவும் சளைக்கவில்லை. கிழித்த காலண்டர் தாள்களின் பின்புறத்தில் தங்கை சுற்றிய சுற்றுகளைக் குறித்து வைத்திருந்தாள். நேற்று நூற்று முப்பது.

டாக்டர் இரண்டையும் படித்தார். சுற்றுகளுக்குக் கீழே இருந்த எண்கள் என்ன என்று அக்காவைக் கேட்டார். தங்கை படுத்த நேரம், எழுந்த நேரம். பத்தரை, ஆறு. எல்லாத் தாளிலும் ஏறக்குறைய அதேதான்.

"நிறையப் பேசுறாங்களா?"

அக்கா யோசித்தாள். "பேச்சே இல்லை டாக்டர். நடக்குறா, அவ்வளவுதான்." சொல்லிவிட்டுத் தங்கையைத் திரும்பிப் பார்த்தாள்.

மனம் ஏறவில்லை, இது மாத்திரை தரும் கால் பரபரப்பு என்றார் டாக்டர். முதல் வாரமே ஏன் சொல்லவில்லை என்று கடிந்துகொண்டார்.

"இதையும் பிடுங்கிடுவீங்கன்னு பயந்தேன்."

டாக்டர் பிடுங்கவில்லை. அளவைப் பாதியாக்கினார். இரண்டு வாரத்தில் வரவேண்டும்; பரபரப்பு தாங்கவில்லை என்றாலோ தூக்கம் குறைந்தாலோ அன்றே கூப்பிட வேண்டும். தூக்கத்தை அக்கா தொடர்ந்து குறிக்க வேண்டும்.

"சுற்றை?" என்றாள் அக்கா.

"அதையும்தான்."

பத்தாம் நாள் தங்கை பெட்டிகளை எடுத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். முதல் நூறுக்கு மணியடித்தபோதும் உட்கார்ந்துதான் இருந்தாள். இரண்டாவது நூறில், அறுபது தாண்டும்போது கால் எழச் சொன்னது. எழுந்து, குனிந்தபடியே மிச்சத்தையும் எண்ணி முடித்தாள்.