தீவில் ஒன்று கூடியது

எங்கோ நடுக்கடலில் இருக்கும் ஒரு குட்டித் தீவின் மழை, மீன், மக்கள்தொகைக் கணக்கெல்லாம் சென்னை அம்பத்தூரில் ஒரு அலுவலகத்தில்தான் சரிபார்க்கப்படுகிறது என்றால் நம்புவீர்களா, கண்ணுகளா? அந்த வேலை தேன்மொழிக்கு. ஐந்து வருடமாகப் பிறப்புக் கட்டத்தில் பூஜ்யம்தான். இந்த வருடம் ஒன்று என்று வந்திருந்தது.

"தப்பா அடிச்சிருப்பாங்கமா. சைபர் போட்டு முடி," என்றார் மேலாளர் தணிகாசலம்.

"ஒரு உசுரு சார்! கேட்டுட்டே போடறேன்," என்று தீவின் அலுவலகத்துக்குப் போன் போட்டு விசாரித்தாள். எடுத்த பெண் பதில் சொல்லுமுன் அவளருகே ஒரு குழந்தை வீறிட்டது. ஸ்பீக்கரில் எல்லோருக்கும் கேட்டது. "நீங்கள் கேட்ட ஒன்று இதுதான்," என்று அவள் சிரித்தாள்.

தணிகாசலம் ஜன்னலில் தலையை நீட்டி, கீழே டீக்கடைக்காரரைக் கூப்பிட்டார். "அண்ணாத்தே, எல்லாருக்கும் டீ, பட்டர் பிஸ்கட்! நம்ம தீவுல கொழந்த பொறந்துகீது!"