ஒண்ணும் பண்ணலீங்க

காலையிலிருந்தே லின்சி ஸ்கேன் அறைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம், திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். சி.டி. ஸ்கேனில் ரத்தக் குழாய்கள் பளிச்சென்று தெரிவதற்காக ஊசியில் ஏற்றும் காண்ட்ராஸ்ட் மருந்தைப் புதிதாக உருவாக்கியவள் அவள். அயோடின் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கான மருந்து. முயல் வரைக்கும் பிரச்சினை இல்லை. நேற்றிலிருந்து மனித உடம்பு.

ஸ்கேன் மேடையில் படுத்திருந்தவர் லட்சுமணசாமி. ஆர்.எஸ்.புரத்துக்காரர், பம்ப்செட் கடையை மகனிடம் விட்டுவிட்டுச் மருந்துச் சோதனைக்குத் தாமாகவே வந்தவர். மருந்து ஏறியதும் திரையில் அவருடைய இதயக் குழாய்கள் ஒவ்வொன்றாகத் துலங்கின. லின்சிக்குக் கண் கலங்கிவிட்டது.

அப்போது மைக்கில் அவர் தொண்டையைச் செருமுவது கேட்டது. மறுபடியும் செருமினார்.

"ஏனுங்கய்யா, தொண்டை ஏதாச்சும் பண்ணுதுங்களா?"

"ஒண்ணும் பண்ணலீங்க அம்மணி. நீங்க பாட்டுக்குப் பாருங்க."

விருந்துக்குப் போன இடத்தில் குழம்பில் உப்பில்லை என்று சொல்ல வாய் வராத ஊர் இது. ஊசி போட்டவளிடமா குறை சொல்லப்போகிறார்கள்! இங்கேயே பிறந்து வளர்ந்த லின்சிக்கு அது தெரியாதா? தெரியும். ஆனாலும் அந்தப் பதிலை நம்பத்தான் அவளுக்கு ஆசையாக இருந்தது. இப்போது நிறுத்தினால் மருந்தின் கதை முடிந்தது. கை, மருந்தை நிறுத்தும் பொத்தானுக்கு மேலே அப்படியே நின்றது.

மூன்றாவது செருமலில் இழுப்புச் சத்தம் கேட்டது.

"டாக்டர்!" என்று அலறியபடி உள்ளே ஓடினாள். லட்சுமணசாமியின் உதடு தடித்துத் தொங்கியது. பக்கத்து அறையிலிருந்து ஓடிவந்த டாக்டர் தாமஸ் அவர் தொடையில் அட்ரினலின் ஊசியை இறக்கி, ஆக்சிஜன் வைத்தார். மூச்சு மெல்ல மெல்லச் சீரானது.

"ஏனுங்கய்யா சொல்லல?" லின்சி ஆக்சிஜன் குழாயைப் பிடித்தபடி கேட்டாள்.

"கஷ்டப்பட்டுக் கண்டுபுடிச்சிருக்கறீங்க. என்னால எதுக்குங்க கெட்ட பேரு?"

லின்சி சட்டென்று போனை எடுத்தாள். நேற்று இதே மருந்தை ஏற்றிக்கொண்ட கனகம், ஒண்ணுமில்லை கண்ணு என்று சிரித்துவிட்டுத்தான் சாயங்காலம் கோபிசெட்டிபாளையத்துக்குப் பஸ் ஏறினார். அவர் வீட்டு எண்ணை அழுத்தினாள். மருமகள் எடுத்தாள்.

"அத்தைக்கு விடியக்காத்தால இருந்து மூஞ்சியெல்லாம் வீங்கிக் கெடக்குதுங்க. இப்ப மூச்சும் இழுக்குதுங்க."

"உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க! ஏன் போன் பண்ணல?"

பின்னாலிருந்து கனகத்தின் கம்மிய குரல் கேட்டது.

"அதையெல்லாம் ஏன் அந்தப் புள்ளகிட்டச் சொல்றே? சங்கடப்படும். போனை வெய்யி."