பானெட் ஆறட்டும்

மூன்றாவது தடவையும் பானெட் சூடாகத்தான் இருந்தது.

சங்கமித்ரா உள்ளங்கையை எடுக்காமல் ராஜேந்திரனைப் பார்த்தாள். ஆண்டர்சன்பேட்டையில் பழைய வண்டி வாங்கி விற்கும் ராஜேந்திரனுக்கு வாய்தான் முதல், சிரிப்புதான் வட்டி. அவர் சிரித்தார்.

"இப்பத்தாம்மா ஒரு ரவுண்டு எடுத்துகினு வந்தேன். நீ வர்றன்னு தெரியுமில்ல, வண்டிய ரெடியா வெக்கணுமே."

"நேத்தும் ரவுண்டு, முந்தாநேத்தும் ரவுண்டு. நான் வர்றப்பல்லாம் எப்படிண்ணா கரெக்டா ரவுண்டு முடிஞ்சிருக்குது?"

"ஓடற வண்டிம்மா. ஓடாத வண்டியவா உனுக்கு குடுப்பேன்?"

பழைய டீசல் ஜீப் அது. பச்சை பெயின்ட் புதிது, சீட் உறை புதிது, ஆயில்கூடப் புதிதாய் மாற்றியிருக்கிறேன் என்று அவரே பெருமையாகச் சொல்லியிருந்தார். யாரும் கேட்காமலே வந்த அந்தப் பெருமைதான் அவளை உறுத்தியது. மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்த்து வாங்கு என்பார்கள். மாட்டுக்குப் பல் விளக்கிப் பொட்டும் வைத்துக் கொண்டுவந்து நிறுத்தினால் என்னத்தைப் பார்ப்பது?

கூட வந்திருந்த அவள் அப்பா கோவிந்தசாமிக்கு இந்தச் சந்தேகமெல்லாம் இல்லை. தங்கச் சுரங்கத்தில் பாறை துளைக்கும் டிரில் பிடித்தே பாதி ஆயுளைக் கழித்தவர். காது பாதி போய்விட்டது, நம்பிக்கை மட்டும் முழுசாக இருந்தது. ராஜேந்திரன் செல்ஃப் அடிக்க, இன்ஜின் தடதடவென்று ஓடியது. நடுநடுவே டொக் டொக்கென்று ஒரு தட்டல். கோவிந்தசாமி மட்கார்டில் கை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

"எடுத்துக்க பாப்பா. நல்லா பேசுது."

"பேசல நைனா, தட்டுது."

"உனுக்கு இன்னா தெரியும்? அடியில பாறை பேசிக்கினே இருந்தா பயமே இல்ல. கம்முனு கீதே, அதுதான் ஆள முழுங்கும்."

தங்கவயல்காரர்களுக்கு மட்டுமே வரக்கூடிய புத்தி இது. சுரங்கம் ஓடிய காலத்தில் பூமிக்கடியில் பாறை வெடித்து வீட்டில் டம்ளர்கள் ஆடும். ஊர்க்காரர்கள் டம்ளரைப் பிடித்துக்கொண்டு விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்வார்கள்; வாசலுக்கு ஓடுகிறவர் வெளியூர் விருந்தாளி. பாறைக்குப் போட்ட கணக்கை மனிதர் இன்ஜினுக்கும் போட்டுவிட்டார். ராஜேந்திரனுக்கு வாயெல்லாம் பல்.

"மாமாவுக்குத் தெரியாத மெஷினா!"

சங்கமித்ராவே சாவியைத் திருப்பி அணைத்தாள். அப்பாமேல் அவளுக்குப் பாசம் உண்டு, அவர் காதின்மேல் கிடையாது.

அவளுக்கும் இந்த ஜீப்பை விட்டால் வழியில்லை. கோரமண்டல் ஸ்டேஷனில் விடிவதற்கு முன்னே ரயிலேறிப் பெங்களூர் போய், கம்பெனிப் பெண்களுக்கு வேன் ஓட்டிக்கொண்டிருந்தவள் அவள். அந்த வேலையை விட்டாயிற்று. ஆந்திர எல்லைக் காட்டோரத்தில் இருக்கும் மூன்று சிற்றூர்களின் பிள்ளைகளைப் பள்ளிக்குக் கூட்டிவர, அந்தப் பள்ளியின் லவினா டீச்சர் அவளைத்தான் நம்பியிருந்தார். வழியில் ஓர் ஓடை, அதைத் தாண்டினால் செம்மண் ஏற்றம். மழை பெய்துவிட்டால் நாலு சக்கரமும் இழுக்கிற வண்டிதான் அதில் ஏறும். போன வருஷம் ஒரு டெம்போ, பள்ளி விட்டுத் திரும்பும்போது பாதி ஏற்றத்தில் இன்ஜின் நின்று, பிள்ளைகளோடு அப்படியே பின்னால் வழுக்கிப் புங்கமரத்தில் முட்டி நின்றது. பெரிய அடி யாருக்கும் இல்லை. ஆனால் அன்றோடு அந்த ஊர்களின் பெண்பிள்ளைகள் பள்ளிக்கு வருவது நின்றுபோனது.

சங்கமித்ரா வீடு வீடாகப் போய்ப் பேசினாள். நாகம்மா என்ற தாய் தெலுங்கும் தமிழுமாகச் சொன்னாள்: "உன்ன நம்பி அனுப்பறோம் தாயி. ஒருதபா நின்னாலும் அவ்ளோதான். அப்புறம் என் பொண்ணு ஆடு மேய்க்கத்தான்."

திங்கட்கிழமை பள்ளி திறக்கிறது. இன்று வியாழன்.

"ண்ணா, ஒரு சேர் போடுங்க."

"டீ சொல்லவாம்மா?"

"டீயும் சொல்லுங்க. பானெட் ஆறட்டும். ஆறினப்புறம் நானே செல்ஃப் அடிக்கறேன்."

"அது ஆற சாயங்காலம் ஆவும்மா!"

"ஆவட்டும். சூட்டுல எல்லா இன்ஜினும் நல்ல பிள்ளைதான். ஆறினாத்தான் அதோட கொணம் தெரியும்."

ஜீப்புக்கு முன்னால் சேரைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். உடும்புப் பிடி. ராஜேந்திரன் முதலில் சிரித்துப் பார்த்தார். பிறகு, வெயிலில் பெயின்ட் போய்விடும், வண்டியை நிழலில் விடுகிறேன் என்றார். "தள்ளிக்கினே போவலாம், நானும் ஒரு கை குடுக்கறேன்" என்று எழுந்தாள் அவள். பெயின்டைப் பற்றிய கவலை அதோடு தீர்ந்தது. அடுத்து போனைக் காதில் வைத்துக்கொண்டு, "ஹௌது சார், சூப்பர் கண்டிஷன் சார்" என்று யாரோ ஒரு பார்ட்டியிடம் கன்னடத்தில் உருகினார். நடுவில் அதே போன் மணியடித்தது. கோவிந்தசாமிக்கே கேட்டுவிட்டது.

மதியம் தூக்குச்சட்டியைத் திறந்து அப்பாவும் மகளும் புளிச்சோறு சாப்பிட்டார்கள். ராஜேந்திரனுக்கும் ஒரு கை வைத்துக் கொடுத்தாள். சாப்பாட்டில் என்ன விரோதம்? அவர் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டார்.

வெயில் இறங்கியபோது பானெட் மண்பானையைப் போலக் குளிர்ந்திருந்தது. சங்கமித்ரா ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள். இன்ஜின் உறுமிற்று, பற்றவில்லை. மறுபடி திருப்பினாள். மறுபடியும் இல்லை. நெடுநேர முக்கலுக்குப் பிறகு வண்டியே குலுங்க, குப்பென்று வெள்ளைப் புகை கிளம்பி யார்டையே மூடியது.

"டீசல் வண்டி ஆறிப்போனா இப்படித்தாம்மா," என்றார் ராஜேந்திரன் இருமிக்கொண்டே. "எல்லா வண்டியும் இப்படித்தான்."

"பேசுது, பேசுது," என்றார் கோவிந்தசாமி.

அவள் அணைத்துவிட்டுக் கீழே இறங்கினாள். குறை இருக்கிறது என்று தெரிகிறது, என்ன குறை என்று தெரியவில்லை. வாயால் கேட்டால் இந்த மனிதர் சொல்லப்போவதும் இல்லை.

"சரிண்ணா. நாளைக்குக் காலைல அந்த ஏத்தத்துக்குப் போலாம். நான் ஓட்டறேன். நீங்க பின்னால, பசங்க குந்தற சீட்ல குந்துங்க."

"நானா? நான் இன்னாத்துக்கும்மா?"

"உங்க நைனா இன்னாத்துக்கு ஏறினாரு?"

ராஜேந்திரனின் அப்பா ராஜப்பாவைத் தெரியாதவர்கள் கோவிந்தசாமி வேலை செய்த சுரங்க ஷாஃப்ட்டில் இல்லை. ஆட்களைச் சுரங்கத்துக்குள் இறக்கும் இரும்புக் கூண்டுக்கு கேஜ் என்று பெயர். அது தொங்கும் ரோப்பைச் சோதிப்பது ராஜப்பாவின் வேலை. சோதித்துவிட்டுச் சரி என்று சொல்லிப் போகிறவர் இல்லை அவர். முதல் கேஜில் தான் மட்டும் ஏறி அடிமட்டம்வரை போய்த் திரும்புவார். கதவைத் திறந்து, காத்திருக்கும் ஷிஃப்ட் ஆட்களைப் பார்த்து, "நான் போய் வந்துட்டேன், இப்ப நீங்க ஏறுங்க" என்பார். அதற்குப் பிறகுதான் கோவிந்தசாமி போன்றவர்கள் காலை எடுத்து உள்ளே வைப்பார்கள்.

ராஜேந்திரன் பதில் சொல்லவில்லை. ஜீப்பின் பின் சீட்டைப் பார்த்தார், பார்த்துக்கொண்டே நின்றார். காலையிலிருந்து ஓயாத வாய் அது.

கோவிந்தசாமி மட்கார்டிலிருந்து கையை எடுத்தார். "பாப்பா, இவன் கம்முனு ஆயிட்டான். இப்பத்தான் எனக்கு பயமா கீது."

ராஜேந்திரன் சேரில் உட்கார்ந்தார். "ஹெட் கேஸ்கட் போயிருக்கும்மா. தண்ணி இன்ஜினுக்குள்ள இறங்குது. சமதரையில ஓடிடும். ஏத்தத்துல லோடு ஏத்தினா சூடேறி நின்னுடும்."

"பசங்கள ஏத்தத்தான் வாங்கறேன்னு முதல் நாளே சொன்னேனே."

"சொன்ன."

அவளுக்கு வந்த கோபத்தில் நாலு வார்த்தை கேட்டிருக்கலாம், கேட்க நியாயமும் இருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்த மனிதர், மறைத்தது பிள்ளைகளின் சோற்றில். ஆனால் கோபித்துக்கொண்டு வெளியே போனால் ஜீப் இன்னொருவர் வீட்டு வாசலில் போய் நிற்கும், நாகம்மாவின் மகள் ஆட்டுப்பட்டிக்குப் போவாள். சங்கமித்ரா சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"ஹெட்ட இறக்குங்க. பிரிச்சு, சரி பண்ணி, மூடுங்க. முடியற வரைக்கும் நான் இங்கதான் கீறேன்."

"எனக்குக் கை கடிக்கும்மா. இருக்கறபடியே வேற ஆளுக்குத் தள்ளிட்டா..."

"தள்ளுங்க. அவன் யார ஏத்துவான்?"

மறுநாள் காலை ராஜேந்திரன் சொல்லியனுப்பிய மெக்கானிக் வந்தார். சங்கமித்ரா ஸ்பானர் எடுத்துக் கொடுத்தாள், கேஸ்கட் எரிந்து ஓட்டை விழுந்த இடத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள், வளைந்திருந்த ஹெட்டை லேத்துக்குத் தானே கூட எடுத்துப்போய்த் திரும்பக் கொண்டுவந்தாள். ராஜேந்திரன் தூரத்திலேயே இருந்தார். ஞாயிற்றுக்கிழமை மாலை இன்ஜின் ஓடியது. அன்று நல்ல மழை. பேசிய விலையை ராஜேந்திரனிடம் கொடுத்துவிட்டு, ஸ்கெலட்டன் என்ற சுரங்கக் குடியிருப்பில் இருக்கும் தங்கள் லைன் வீட்டு வாசலுக்கு ஜீப்பை ஓட்டிவந்தாள்.

திங்கள் விடிந்ததும் பானெட்டில் கை வைத்தாள். சில்லென்று இருந்தது. முதல் திருப்பிலேயே இன்ஜின் பற்றிக்கொண்டது. டயருக்கு எலுமிச்சம்பழம் வைப்பது அவர்கள் வீட்டு வழக்கம் இல்லை, பௌத்தக் குடும்பம். கோவிந்தசாமி கைகூப்பி, "புத்தம் சரணம் கச்சாமி" என்றார். பிறகு மட்கார்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இப்ப கொஞ்சமாத்தான் பேசுது" என்றார் ஏமாற்றத்தோடு.

ஆண்டர்சன்பேட்டையைத் தாண்டும்போது யார்டு வாசலில் ராஜேந்திரன் நின்றிருந்தார். குளித்துத் தலை வாரி, துவைத்த சட்டை போட்டிருந்தார். அவள் கூப்பிடவில்லை. அன்றைக்குக் கேட்டதோடு சரி, அதற்குப்பின் அந்தப் பேச்சையே அவள் எடுக்கவில்லை. அவரே கை காட்டி நிறுத்தி, பின் கதவைத் திறந்து ஏறி, பிள்ளைகளுக்கான குட்டை சீட்டில் முழங்காலை மடக்கி உட்கார்ந்தார்.

ஓடையில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அதைக் கடந்ததும் அவள் நாலு சக்கரத்துக்கும் மாற்றி, முதல் கியரில் ஏற்றத்தைப் பிடித்தாள். செம்மண் வெண்ணெயாய் வழுக்கியது. புங்கமரத்தின் அருகே வண்டி ஒரு கணம் பக்கவாட்டில் நழுவியது. ஆனாலும் அவள் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்கவில்லை. கண்ணாடியில் பார்த்தாள். ராஜேந்திரன் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை இறுக மூடியிருந்தார். சக்கரங்கள் மண்ணைக் கவ்வின. இன்ஜின் சூட்டைக் காட்டும் முள் மேலே ஏறவில்லை. ஜீப் மேலே ஏறி நின்றது.

மேட்டில் புத்தகப் பையோடு பிள்ளைகள் நின்றிருந்தார்கள். பெரியவர்கள் அவர்கள் தோளைப் பிடித்திருந்தார்கள், ஒருவரும் விடவில்லை. நாகம்மா ஜீப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பின் கதவு திறந்தது. ராஜேந்திரன் மெல்ல இறங்கி, மடங்கிய காலை நிமிர்த்திக்கொண்டு அவர்களைப் பார்த்தார்.

"நான் ஏறி வந்துட்டேன்," என்றார். "இப்ப நீங்க ஏறுங்க."

நாகம்மா மகளின் தோளிலிருந்து கையை எடுத்தாள்.