பல் டாக்டரின் டிஸ்க் பிரேக்

பல் டாக்டர் புதிதாக வாங்கிய மலைச் சைக்கிளுக்கு முன்னும் பின்னும் ஸ்பிரிங். விரலால் தொட்டாலே நிற்கும் ஆயில் டிஸ்க் பிரேக். மனைவியின் பழைய சைக்கிளில் ரப்பர் கட்டைகள்தான் சக்கரத்தின் விளிம்பைக் கவ்வும். அதை அவர் சைக்கிள் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. மலையடிவாரத்துக்குக் கிளம்பியபோது அதைக் காரின் கூரைமேல் கயிறு போட்டுக் கட்டினார். தன்னுடையதை மட்டும் வெயில் படாமல், முன்சக்கரத்தைக் கழற்றி, பின்சீட்டில் மச்சினன் மடியில் கிடத்தினார்.

“டேய், பிரேக்ல மட்டும் கை வெச்சிடாத.”

வழி நெடுக இதையே சொல்லி அவன் உயிரை எடுத்தார். அவனும் இரண்டு கைகளையும் அக்குளில் செருகிக்கொண்டே வந்தான். மடியிலிருந்த சைக்கிளைக் கீழே இறக்கியதும் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டான்.

“தொட்டா அப்படி என்னதான் ஆகும், அத்தான்?”

“சக்கரம் இல்லாதப்ப அமுக்கினா, உள்ள இருக்கற ரெண்டு கட்டையும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். அப்புறம் நடுவுல சக்கரத்தோட டிஸ்க் நுழையாது, சக்கரத்த மாட்டவே முடியாது. இதோ, இப்படி அமுக்கினா...”

அமுக்கியே விட்டார். கட்டைகள் கிட்டித்துக்கொண்டன. ஊரார் வாயையெல்லாம் திறக்க வைப்பவருக்கு அந்த இடுக்கு மட்டும் திறக்கவில்லை. கார் சாவி, நகவெட்டி எதற்கும் அது மசியவில்லை. மனைவி தன் சைக்கிளை அவிழ்த்து இறக்கி, ஏறி மிதித்து, வளைவில் மறைந்தே போனாள்.

மச்சினன் கைகளை மறுபடியும் அக்குளில் செருகிக்கொண்டான்.

“இப்ப நல்லாப் புரிஞ்சுது அத்தான். பின்சக்கரத்தையும் கழட்டட்டுமா, இன்னொரு தடவ செஞ்சு காட்டறீங்களா?”